கண்மாய்க் களிமண்ணும் கருவேலங்கட்டையும்: உள்ளூர்ப் பொருளில் சிற்பம் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

கண்மாயில் மண் கிடக்கிறது, ரோட்டோரம் மரம் கிடக்கிறது, எடுத்துச் செய்ய வேண்டியதுதானே என்றுதான் நானும் தொடங்கினேன். முதல் சூளையில் வைத்த ஏழு உருவங்களில் இரண்டுதான் முழுசாக வெளியே வந்தன. ஒரு மாதம் உட்கார்ந்து செதுக்கிய வேப்பங்கட்டை, முகத்தின் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. மண் எடுக்கப் போன முதல் நாளே ஊர்க்காரர்கள் சாக்கையும் மண்வெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைத்திறன் போதாததால் இதெல்லாம் நடக்கவில்லை. எடுத்த நேரம் தவறு, கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை, காயவிட்ட நாள் போதவில்லை. இந்த மூன்றையும் யாராவது முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

நான் இருப்பது மானாமதுரைப் பக்கம். இங்கே பிடித்த மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்கிறவர்கள், சாமி குதிரை செய்கிறவர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருக்கும் ஊர். நான் கண்மாய் என்று எழுதும் இடத்தில் நீங்கள் உங்கள் ஊர்ப்படி ஏரி, குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் தமிழ்நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மரவகைகளும் மண்ணின் குணமும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

கருவி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். தென் மாவட்டக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும். சித்திரையிலிருந்து ஆனி வரை அடிமண் வெளியே தெரியும். களிமண் எடுக்க அந்த மூன்று மாதம்தான். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். அல்லது விலைக்கு வாங்க வேண்டும்.

மரம் இதற்கு நேர்மாறு. வெயில் காலத்தில் வெட்டிய பச்சை மரம் சித்திரை வெயிலில் ஒரே வாரத்தில் வெடிக்கும். மார்கழி, தையில் வாங்கி நிழலில் அடுக்கிவிட்டால் காய்ச்சல் மெதுவாக நடக்கும்.

மண்பாண்டம் செய்யும் வேளார் வீடுகளுக்குப் போவதற்கும் காலம் இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு முன்பும், கார்த்திகை விளக்குக்கு முன்பும், பொங்கல் பானைக்கு முன்பும் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. பொங்கல் முடிந்து மாசி, பங்குனியில் போங்கள். அதற்கு அப்புறம் புரவி எடுப்புக்கான, அதாவது ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை எடுத்துப்போகும் திருவிழாவுக்கான, குதிரை வேலை தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு ஆள் உயரக் குதிரையின் நான்கு கால்களும் தனித்தனியாக எழும்பி, அதன்மேல் வயிறு வளர்வதைப் பார்த்தால் மண்ணின் எடையை எப்படித் தாங்கவைக்கிறார்கள் என்பது பேசாமலே புரியும்.

ஆக, முதல் வருடத் திட்டம் இப்படி: தையில் மரம் வாங்குவது, மாசியில் வேளார் வீட்டுப் பழக்கம், வைகாசியில் மண், ஆனி ஆடியில் மண்ணைப் பக்குவம் செய்வது, ஆவணி புரட்டாசியில் உருவம் பிடித்து மழைக்கு முன் சூளை. மரத்தைச் செதுக்குவது அடுத்த வருடம்.

2. மண்: யாரைக் கேட்பது, என்ன காகிதம்

கண்மாய் ஊர்ப் பொதுச்சொத்து, அதனால் ஒரு சாக்கு மண்ணுக்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நீர்நிலையில் இருக்கும் மண் சட்டப்படி சிறுகனிமம். அனுமதி இல்லாமல் வண்டியில் ஏற்றினால் வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

சட்டபூர்வமான வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரி, குளம், கண்மாய்களில் விவசாயத்துக்கும் வீட்டுத் தேவைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல், களிமண் எடுக்கலாம். மண்பாண்டத்துக்கு 60 கன மீட்டர் வரை அனுமதி உண்டு. முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்தது. 2024-லிருந்து வட்டாட்சியரே அனுமதி தரலாம். இ-சேவை வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் 60 கன மீட்டர் என்பது பல லாரி மண். உங்களுக்கு முதல் வருடத்துக்கு நான்கைந்து சாக்கு போதும். எனவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. அனுமதி வாங்கி மண் அடிக்கும் வேளார் குடும்பத்திடம் சொல்லி வையுங்கள். அவர்கள் வண்டி வரும்போது உங்கள் பங்கை விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரு சாக்குக்கு 80 ரூபாய் கொடுத்தேன். எந்தக் கண்மாயில் எந்த மூலையில் நல்ல மண் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மேல்மண்ணை ஒரு முழம் ஒதுக்கிவிட்டு எடுப்பார்கள், வேர் இல்லாமல் வரும். அந்த அறிவையும் சேர்த்துத்தான் 80 ரூபாய்.

இன்னொரு வழி, பட்டா நிலம். கிணறோ பண்ணைக்குட்டையோ வெட்டுகிற இடத்தில் களிமண் வெளியே கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும் முன் நில உரிமையாளரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: ‘என் பட்டா நிலம், சர்வே எண் இன்னது, இதில் வெட்டிய களிமண் நான்கு சாக்கை இன்னாருக்கு விலையில்லாமல் கொடுத்தேன்’ என்று தேதியும் கையெழுத்தும். இது அரசு அனுமதிச் சீட்டு ஆகாது. நான்கு சாக்குக்கு மேல் போனால் முறையாகக் கேட்டுவிடுங்கள். ஆனால் வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் கையில் இருக்கும்.

ஊர்ப்பக்கம் அரசாங்கக் காகிதம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சாக்கைப் பிடித்து வைத்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: “யாரைக் கேட்டு வெட்டுறீக?” கரையோரம் வெட்டினால் கரை பலவீனமாகும், மடை அருகே வெட்டினால் தண்ணீர் பாய்வது கெடும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டால் அவரே இடம் காட்டுவார்.

3. மண்ணைச் சோதிப்பது

நான்கு சாக்கும் வாங்குவதற்கு முன் இரண்டு கை மண் வாங்கிவந்து இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். மொத்தம் பத்து நாள் ஆகும்.

பிசைந்த மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி ஆள்காட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கம் வெடித்தால் மணல் அதிகம். வெடிக்காமல் வளைந்து, விரலில் ஒட்டாமல் கழன்று வந்தால் உருவம் பிடிக்கும் மண்.

அடுத்து, உள்ளங்கை அளவு வில்லை தட்டி, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி நிழலில் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் கோட்டை அளந்து பாருங்கள். 9.2 வந்தால் எட்டு விழுக்காடு சுருக்கம். 9-க்குக் கீழே போனால் அந்த மண்ணைத் தனியாகப் பயன்படுத்த முடியாது, ஏதாவது கலக்க வேண்டும். எங்கள் கண்மாய் மண் 8.8 வந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் முதல் உருவங்களைச் செய்தேன்.

மூன்றாவது, சுக்காங்கல். எங்கள் பக்கத்து மண்ணில் வெள்ளையாக மிளகு அளவிலும் பட்டாணி அளவிலும் சுண்ணாம்புக் கல் கிடக்கும். சூளையில் அது வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது உருவம் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்துக் காற்றின் ஈரத்தைக் குடித்து அந்தச் சுண்ணாம்பு உப்பும், மேலே இருக்கும் மண்ணைக் காசு அளவுக்குத் தெறிக்கவிடும். சந்தேகமான கல் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

உவர் நிலத்து மண்ணையும் தவிர்த்துவிடுங்கள். காய்ந்த வில்லையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு. சுட்ட பிறகும் அது பூத்துக்கொண்டே இருக்கும்.

4. மண்ணைப் பக்குவம் செய்வது

மண்ணை முதலில் எலும்பாகக் காயவைத்து, உடைத்து, அப்புறம் தண்ணீரில் போடுங்கள். ஈரமண்ணை நேரடியாகப் போட்டால் நாள் கணக்கில் கட்டி கரையாது. காய்ந்த மண் அரை மணி நேரத்தில் தானாகப் பொலபொலவென்று உதிரும். கூழாகக் கரைத்து, வேரும் சுக்காங்கல்லும் போக இரண்டு மடிப்புக் கொசுவலையில் வடிகட்டுங்கள். வடித்த கூழைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டாலும் சரி, செங்கல் தரையில் துணி விரித்து ஊற்றினாலும் சரி, நான்கைந்து நாளில் பிசையும் பதம் வரும்.

கலப்பதற்கு ஆற்றுமணலைத் தேட வேண்டாம், அதற்கு வேறு தொல்லை இருக்கிறது. இடித்த வீடுகளின் நாட்டு ஓடு எல்லா ஊரிலும் குப்பையாகக் கிடக்கிறது. அதை இடித்து, ரவை பதத்துக்குச் சலித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெந்த மண் என்பதால் இனி சுருங்காது. நான்கு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு ஓட்டுப்பொடி என்று தொடங்குங்கள். என் மண்ணில் சுருக்கம் எட்டு விழுக்காட்டுக்கு இறங்கியது. பெரிய உருவமாக இருந்தால் ஒரு கை நெல் உமியும் சேர்க்கலாம். அது சூளையில் எரிந்துபோய், ஆவி வெளியேற வழி விடும்.

இடிக்கும்போதும் சலிக்கும்போதும் மூக்கை நல்ல முகக்கவசத்தால் மூடுங்கள். காய்ந்த மண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கும், வெளியே வராது. வேலை செய்யும் இடத்தைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிசைந்த மண்ணைப் பாலித்தீன் பையில் கட்டி, குறைந்தது மூன்று வாரம் புளிக்கவிடுங்கள். கொஞ்சம் வாடை வரும், அது நல்ல அறிகுறி. இரண்டு மாதம் கிடந்த மண் கையில் வெண்ணெய் போல இழையும்.

5. மரம்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

முதலில் தொடக்கூடாதவை. காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் கிளையைக்கூட எடுக்கக்கூடாது, அது வனச்சட்டப்படி குற்றம். நெடுஞ்சாலை ஓரத்துப் புளிய மரம், புயலில் சாய்ந்திருந்தாலும் துறையின் சொத்து, ஏலத்தில்தான் போகும். கண்மாய்க்குள் இருக்கும் சீமைக்கருவேலமும் பெரும்பாலும் ஏலம் எடுத்தவருடையது. சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு ஆகியவற்றை ரசீதும் உரிய காகிதமும் இல்லாமல் சிறு துண்டுகூட வாங்காதீர்கள். பனையை வெட்ட 2021 முதல் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

இனி தொடக்கூடியவை. பட்டா நிலத்தில் நிற்கும் சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் உரிமையாளர் சந்தோஷமாகத் தருவார். எல்லோரும் திட்டும் மரம் இது. ஆனால் சிற்பத்துக்கு அருமையானது. வைரம் என்கிற உள்மரம் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும், இழை நெருக்கமாக இருக்கும். எல்லாவற்றையும்விட, காயும்போது மிகக் குறைவாகத்தான் சுருங்கும். பருத்த, நேரான துண்டு கிடைப்பது மட்டும் அரிது. ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும் உருவங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முள் தைத்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், விட்டால் வீங்கிச் சீழ் வைக்கும்.

பூவரசு செதுக்க இதமானது, உளி சொன்னபடி போகும். வேம்பு கொஞ்சம் முறுக்கும், இழை இடையிடையே திரும்பும். ஆனால் பூச்சிக்குப் பயமில்லை. வாகை பெரிய உருவத்துக்கு நல்லது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் வாகையில்தான் பெரிய வேலைகள் நடக்கின்றன. மாமரம் மலிவு, ஆனால் வண்டு துளைக்கும். முதல் கட்டைக்கு மாமரம் வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்க நல்ல இடம் எது என்றால், நான் விறகுக்கடையைச் சொல்வேன். சாமில்லில் சைஸ் மரம் கன அடிக் கணக்கில் விலை ஏறும். விறகுக்கடையில் அதே பூவரசும் வேம்பும் எடைக்கணக்கில் அடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். நான் கிலோ எட்டு ரூபாய்க்கு ஒரு பூவரசுத் தூரைத் தூக்கிவந்தேன், 31 கிலோ, 248 ரூபாய். கடைக்காரரிடம் துண்டுச் சீட்டிலாவது ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மரத்தின் பெயர் இருக்க வேண்டும்.

6. மரத்தைக் காயவைப்பது

அவசரப்பட்டுப் பலர் தோற்பது இங்கேதான். உருண்டைக் கட்டையை அப்படியே காயவிட்டால் அது பிளந்தே தீரும். ஏனென்றால் மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம், சுற்றளவில்தான் அதிகம் சுருங்கும். நடு மையம் அதற்கு இடம் தராது. அதனால் வாங்கிய அன்றே நடு மையத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுங்கள். அரைவட்டமாகக் கிடைக்கும் இரண்டு துண்டும் பெரும்பாலும் பிழைக்கும்.

அதே நாளில் வெட்டுமுகங்கள் இரண்டையும் அடைத்துவிடுங்கள். ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகத்தில் பல மடங்கு வேகமாக வெளியேறும், வெடிப்பு தொடங்குவதும் அங்கிருந்துதான். உருக்கிய மெழுகு சிறந்தது. மிச்சமான பெயின்ட் இரண்டு பூச்சு போதும். எங்கள் பக்கத்துத் தச்சர் ஒருவர் கெட்டிச் சாணியை அப்பி வைப்பார், அதுவும் வேலை செய்கிறது.

பட்டையை உரித்துவிடுங்கள், வண்டு குடியிருப்பது அதற்கு அடியில்தான். பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருக்கும், அதைத் தேடித்தான் பூச்சி வரும். முடிந்தால் அந்தப் பகுதியைச் செதுக்கி எறியுங்கள். இல்லையென்றால் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைத் தாராளமாகப் பூசுங்கள்.

தரையில் படாமல் இரண்டு குச்சி மேல் வைத்து, காற்றாடும் நிழலில் அடுக்குங்கள். எவ்வளவு நாள்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நம் வெயிலில் அதைவிடச் சீக்கிரம் ஆகும். ஊகிக்காமல் எடை போடுங்கள். நான் மாதம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் வைத்து, எடையைக் கட்டையின் முகத்திலேயே சாக்பீஸால் எழுதினேன். என் பூவரசுத் துண்டு ஒன்றில் இப்படி இருந்தது: தை 14.2, மாசி 12.6, பங்குனி 11.5, சித்திரை 10.7, வைகாசி 10.3, ஆனி 10.1, ஆடி 10.1. எடை இறங்காமல் நின்றால் மரம் தயார்.

காத்திருக்க முடியாது என்றால் ஈரமாக இருக்கும்போதே உருவத்தைக் கரடாக, எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டுச் செதுக்குங்கள். முதுகுப்பக்கத்தை உள்ளே குடைந்துவிடுங்கள். கனம் குறைந்ததும் இறுக்கமும் குறையும். வேலை நிறுத்தும்போதெல்லாம் ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். கரட்டு வேலை முடிந்ததும் காயவிட்டு, நுணுக்கத்தை அப்புறம் செய்யலாம்.

7. கருவிகளும் செலவும்

இணையத்தில் விற்கும் பன்னிரண்டு உளி செட்டை வாங்காதீர்கள். நான் வாங்கினேன், கருவேலத்தில் இரண்டாவது அடியிலேயே முனை மடங்கியது. உள்ளூர்க் கொல்லரிடம் பழைய லாரி வில்பட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு அகல உளி, ஒரு குறுகிய உளி, ஒரு வளைவு உளி, மூன்றே போதும். எனக்கு மூன்றுக்கும் 900 ரூபாய் ஆனது. ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ஒரு அரம், ஒரு கைரம்பம், சாணைக்கல். மரத்தைப் பிடித்துக்கொள்ள பெஞ்சு வைஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம், இடது கையால் பிடித்துச் செதுக்கும்போதுதான் கை கிழிகிறது.

மண்ணுக்குக் கருவி ஏறக்குறைய இலவசம். மூங்கில் சீவல், பழைய ஸ்பூன், சைக்கிள் கம்பியை வளைத்த கரண்டி, ஒரு கூழாங்கல்.

முதல் வருடம் மண், மரம், கருவி, சூளைக்கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி கருவிக்குப் போனது.

8. உருவம் பிடிப்பது

ஒரு விரல்கடைக்கு மேல் கனமாக எந்த இடமும் இருக்கக்கூடாது. குதிரைத் தலை செய்தால் கழுத்து, முகம் எல்லாமே உள்ளே பொள்ளலாக, வெறும் கூடாக இருக்க வேண்டும். மண்ணைத் திரியாக உருட்டி, வட்டமாக அடுக்கி, உள்ளேயும் வெளியேயும் இழைத்து மூடிக்கொண்டே மேலே போங்கள். ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ஒரு சாண் ஏற்றியதும் அரை நாள் இறுகவிட்டு, மேல் விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடி வைத்து, அப்புறம் தொடருங்கள்.

மூடிய பொள்ளல் எதுவாக இருந்தாலும் ஒரு துளை வேண்டும். கண்ணிலோ மூக்கிலோ அடியிலோ மறைத்து வைக்கலாம்.

உள்ளே மரக்குச்சி வைத்து அதன்மேல் மண் அப்புவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. என் முதல் ஏழில் மூன்று அப்படித்தான் போயின. மண் சுருங்கும், குச்சி சுருங்காது, மண் வெடிக்கும். தாங்கல் தேவைப்பட்டால் வைக்கோல் பிரி சுற்றி அதன்மேல் மண் வைக்கலாம். அது அமுங்கிக் கொடுக்கும், சூளையில் எரிந்தும் போகும்.

9. உலர்த்தலும் சூளையும்

காது, வால், விரல் போன்ற மெல்லிய பகுதிகள் முதலில் காய்ந்து வெடிக்கும். அவற்றை மட்டும் பாலித்தீன் சுற்றி வைத்து, உடலும் அவையும் சேர்ந்து காயும்படி பாருங்கள். ஒரு அடி உயர உருவத்துக்கு நிழலில் மூன்று வாரம், கடைசி இரண்டு நாள் வெயில். ஐப்பசி பிறந்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறிவிடும், நாள் இரட்டிப்பாகும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் சூளை வைக்கும் வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். முதல் முறை என் உருவத்தை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, நீயே வச்சுப் பாரு. சில்லுன்னு இருக்குல்ல? இன்னும் உள்ள தண்ணி கெடக்கு. இதை வச்சா பக்கத்துல இருக்க பானையும் சேந்து போகும்.” ஈரம் இருந்தால் கன்னத்தில் குளிரும். காய்ந்திருந்தால் அறையின் சூடுதான் தெரியும். அவர் சொன்ன இரண்டாவது விஷயம் முக்கியம். உங்கள் உருவம் வெடித்தால் அடுத்தவர் பானையும் உடையும்.

சொந்தமாகச் சூளை கட்ட முதல் இரண்டு வருடம் நினைக்காதீர்கள். வேளார் சூளையில் இடம் கேளுங்கள். நான் ஒரு உருவத்துக்கு 50 ரூபாயும், ஒரு சுமை விறகும் கொடுக்கிறேன். உருவத்தை அடுக்கில் மேல்பகுதியில், தீ நேராகப் படாத இடத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் சில மணி நேரம் புகை மட்டும் காட்டி, மெதுவாகச் சூடேற்றுவார்கள். தண்ணீர் ஆவியாகும் நேரம் அது, உருவங்கள் வெடிப்பதும் அப்போதுதான். அதைத் தாண்டித்தான் தீ ஏறும். நாட்டுச் சூளையின் சூடு எழுநூறிலிருந்து தொள்ளாயிரம் டிகிரி செல்சியஸ் வரை போகும்.

தீ அணைந்த பிறகு ஆவலில் பிரிக்கச் சொல்லாதீர்கள். முழுசாக ஆற ஒரு நாளாவது விட வேண்டும், பெரிய சூளைக்கு இரண்டு நாள். சூட்டோடு காற்று பட்டால் கீறல் விழும். உடைந்தால் யாரும் ஈடு தர மாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. ஒரே உருவத்தில் இரண்டு செய்து இரண்டையும் வையுங்கள்.

10. மண்ணும் மரமும் சேரும் இடம்

சுட்ட மண் இனி அசையாது. மரம் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். இரண்டையும் பசைபோட்டு இறுக்கினால் ஒரு வருடத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும், பெரும்பாலும் மண். அதனால் மரத்தில் முளை செதுக்கி, மண் உருவத்தின் அடித்துளையில் உட்காரவையுங்கள். சுற்றிலும் ஒரு நெல் கனத்துக்கு இடைவெளி இருக்கட்டும். இடைவெளியில் தேன்மெழுகோ சணல் நாரோ அடைத்தால் ஆடாமல் நிற்கும். துளையை மண் ஈரமாக இருக்கும்போதே, சுருக்கத்தைக் கணக்கில் கொண்டு பெரிதாக விட வேண்டும். எட்டு விழுக்காடு சுருங்கும் மண்ணில் 25 மில்லிமீட்டர் துளை காய்ந்ததும் 23-க்கு வந்துவிடும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது என்றால் ஒன்றை மறக்காதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

11. விற்க நினைத்தால்

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கைவினைஞர் அடையாள அட்டை தருகிறது. கட்டணம் இல்லை. ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம், நீங்கள் செய்த பொருள்கள் இரண்டு மூன்று. அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். அரசுக் கைவினைக் கண்காட்சிகளில் கடை கேட்கும்போது இந்த அட்டை உதவும்.

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-ல் தொடங்கியது. 35 வயது முடிந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடனும் அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் என்பது அறிவிப்பு. கேட்பதற்கு மாவட்டத் தொழில் மையம் போங்கள். ஆனால் முதல் வருடத்தில் கடன் வேண்டாம். மண்ணும் மரமும் உங்கள் தவணைத் தேதிக்குக் காயாது.

மண் உருவத்தை அனுப்பும்போது பொள்ளலுக்குள்ளும் வெளியேயும் உமியை இறுக்கி நிரப்பி, அதைப் பெட்டியோடு இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். உமி மில்லில் சாக்கு 30 ரூபாய்க்கு எனக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு மர உருவம் அனுப்புவதாக இருந்தால் பட்டை துளிகூட ஒட்டியிருக்கக்கூடாது, ஈட்டி மரமாக இருக்கவே கூடாது. விறகுக்கடையில் மரத்தின் பெயர் எழுதி வாங்கிய ரசீது அப்போது தேவைப்படும், பத்திரமாக வைத்திருங்கள்.